பனி உருகிய பிறகு: ஹாக்கி ஆடும் பிள்ளைக்குத் தரைப் பயிற்சி கசக்காமல் இருக்க



ஹாக்கி என்றதும் உங்கள் மனக்கண்ணில் வருவது மண் மைதானமும், நுனி வளைந்த மட்டையும், கெட்டியான வெள்ளைப் பந்தும்தான். கோவில்பட்டிப் பக்கத்தவர்களுக்கு அதைச் சொல்லித் தரவே வேண்டாம். இந்தப் பிரசுரத்தில் நாம் பேசப்போவது அந்த ஹாக்கி அல்ல. பனிக்கட்டியின் மேல் ஆடும் ஐஸ் ஹாக்கி. காலில் கத்தி போன்ற இரும்புத் தகடு பொருத்திய ஜோடு, கையில் நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாக ‘பக்’ என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. அதன் கனம் ஓர் அங்குலம், குறுக்களவு மூன்று அங்குலம், எடை 160 கிராம் சுமார். ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரைச் சேர்த்து ஆறு பேர். 20 நிமிஷம் வீதம் மூன்று கட்டம்.

“எங்களுக்கும் பனிக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஆட்டம் நம் தேசத்திலேயே லடாக்கில் ஆடப்படுகிறது. அங்கே இதை வளர்த்ததில் ராணுவத்தாருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் அங்கே பார்த்துவிட்டு வந்து சொல்லியிருப்பார்கள். கனடாவில் குடியேறிய நம்மவர்களும் அநேகம். அங்கே வளரும் பேரப்பிள்ளை, “பாட்டி, நான் ஹாக்கி டீமில் சேர்ந்துட்டேன்” என்று போனில் சொன்னால் பாட்டிக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசையாக ஓர் ஆட்டத்தில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டு பதிமூன்று வயதில் மட்டையை மூலையில் வீசிவிட்டு “இனிமே போகமாட்டேன்” என்று உட்காருகிறதே, அது குடும்பத்தின் விஷயம்தான்.

லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி தை மாதக் குளிரில் குளம் குட்டைகள் உறைந்து கல்லாகிவிடும். ராத்திரியில் திடலில் தண்ணீரைப் பாய்ச்சி விட்டால் விடிவதற்குள் ஆடுதளம் தயார். ஆனால் அந்த இயற்கைப் பனி நிலைப்பது இரண்டு மாதம், கூடிப்போனால் இன்னும் சில வாரம். மீதி மாதங்களில்? தரையில்தான் பழக வேண்டும். இப்படிப் பழகிய லடாக், ஸ்பிட்டிப் பெண்கள் 2016-ல் தாய்பேயில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் ஆடினார்கள். 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-க்கு 3 என்று வென்றார்கள். 2025-ல் ஐக்கிய அரபு நாட்டில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கம் வாங்கிவிட்டார்கள். வருஷத்தில் பெரும்பகுதி பனியைக் காணாத பிள்ளைகள் வாங்கிய பதக்கம் இது.

தரைப் பயிற்சி எதற்கு?

பனி மேல் ஓடுவது நாம் ஓடுவது போல அல்ல. நாம் காலை முன்னும் பின்னும் வீசுகிறோம். சறுக்குபவன் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, காலைப் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளுகிறான். ஒரு கால் தள்ளும்போது மறு கால், மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின் மேல் உடம்பு முழுவதையும் தாங்குகிறது. ஆகவே பின்தொடை, இடுப்பு, உள்தொடைத் தசைகளுக்குப் பலம் வேண்டும்; ஒற்றைக் காலில் தள்ளாடாமல் நிற்கும் நிதானமும் வேண்டும். அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சோதித்து 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உள்தொடைத் தசையின் பலம் வெளிப்பக்கத் தசையின் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு உள்தொடைச் சுளுக்கு உண்டாகும் வாய்ப்பு 17 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இந்தப் பலத்தைப் பனியில் மட்டும் சம்பாதிக்க முடியாது.

இன்னொன்று. இந்த ஆட்டத்தில் ஒருவர் தொடர்ந்து ஆடுவது முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம்தான். உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார, அடுத்த ஆள் இறங்குவார். இரண்டு மூன்று நிமிஷம் மூச்சு வாங்கி மறுபடி இறங்க வேண்டும். குதிரை போல் பாய்ந்து, நின்று, மறுபடி பாயும் ஆட்டம். இப்படியிருக்க, பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி இருபது சுற்று மாடு செக்குச் சுற்றுவது போல ஓட விடுவதில் என்ன லாபம்? மூச்சுத்திறன் கொஞ்சம் கூடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு வேண்டியது அது இல்லை. பிள்ளைக்குச் சலிப்புத் தட்டுவதுதான் மிச்சம்.

ரஷ்யாக்காரர் செய்த வேலை

இதில் ஒரு சரித்திரம் உண்டு. சோவியத் நாட்டில் ஐஸ் ஹாக்கிக்கு முதல் தேசியப் போட்டி நடந்தது 1946-ல். மாஸ்கோவில் கூரை போட்ட செயற்கைப் பனி மண்டபம் வந்தது 1956-ல்தான். அதற்குள் 1954-ல் ஸ்டாக்ஹோமில் அவர்கள் கனடாவை 7-க்கு 2 என்று தோற்கடித்து உலக சாம்பியன் ஆகிவிட்டார்கள்! உறைபனி கிடைக்காத மாதங்களில் என்ன செய்தார்கள் என்பதே விசேஷம். அனதோலி தராசோவ் என்ற பயிற்சியாளர் தம் ஆட்டக்காரர்களைக் கால்பந்து ஆட விட்டார், கூடைப்பந்து ஆட விட்டார். குட்டிக்கரணம் போடச் செய்தார். ஒருவர் முதுகில் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட வைத்தார். வேடிக்கை போலத் தோன்றும். ஆனால் கரணம் போட்டு எழுந்தவுடன் திசை தப்பாமல் ஓடப் பழகியவன், பனியில் விழுந்தாலும் எழுந்த கணமே ஆட்டத்தில் இருப்பான். தோழனைச் சுமந்து ஓடினவன் காலுக்கு வேறு எடை தேவையில்லை. 1964-ல் அவரே சிறுவர்களுக்கென்று ‘தங்க பக்’ என்ற பெயரில் போட்டியும் தொடங்கி வைத்தார்.

கனடாக்காரர்கள் அந்தக் காலத்தில் கோடையில் பயிற்சியைப் பெரிதாக நினைத்ததில்லை. பருவம் தொடங்கும் முகாமுக்கு வந்த பிறகுதான் உடம்பைச் சரிசெய்துகொள்வார்கள். 1972 செப்டம்பரில் சோவியத் அணியோடு எட்டு ஆட்டம் ஆடினார்கள். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் சொந்த மண்ணான மாண்ட்ரீலில், 7-க்கு 3 என்று தோற்றதும் நாடே திகைத்துப் போயிற்று. கடைசி ஆட்டத்தில் 34 விநாடி மீதி இருக்கையில் ஒரு கோல் போட்டு நான்குக்கு மூன்று என்று எப்படியோ தொடரை ஜெயித்தார்கள். ஓர் ஆட்டம் சமம். அதன் பிறகு கோடைப் பயிற்சி அங்கேயும் மரியாதை பெற ஆரம்பித்தது.

மரியாதை வந்தது சரி. கூடவே ஒரு கெடுதலும் வந்தது. பெரியவர்களுக்கான கடும்பயிற்சியை எட்டு வயசுப் பிள்ளை மேலேயும் ஏற்றிவிட்டார்கள். தோற்றால் பத்துச் சுற்று, பக்கைத் தவறவிட்டால் இருபது தண்டால் என்று உடற்பயிற்சியையே தண்டனையாக்கும் வழக்கம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு இது சுத்தமாகப் பிடிப்பதில்லை. உடம்பை அசைப்பதே தண்டனை என்று பிஞ்சு மனசில் எழுதிவிட்டால், பெரியவனான பிறகு அவன் ஏன் நடக்கப் போகிறான், ஏன் ஓடப் போகிறான்?

பிள்ளைகளே என்ன சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடம் “ஆட்டத்தில் எது உங்களுக்குச் சந்தோஷம்?” என்று கேட்டு, பதில்களைத் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 81 காரணம் வந்தது. முன்னால் நின்றவை என்ன தெரியுமா? முழு மூச்சாக ஆடுவது, தோழர்களோடு நல்லபடி நடந்துகொள்வது, பயிற்சியாளர் அன்பாகச் சொல்லித் தருவது. ஜெயிப்பது 48-ஆவது இடத்தில் இருந்தது. நாம்தான் வாசலில் நின்றுகொண்டு முதல் கேள்வியாக “ஜெயிச்சியா?” என்கிறோம்.

ஆகவே தரைப் பயிற்சி சுவையாக இருக்க வேண்டுமானால் அதில் ஓர் ஆட்டம் இருக்க வேண்டும், கூட்டாளி இருக்க வேண்டும், கொஞ்சம் சிரிப்பு இருக்க வேண்டும். பயிற்சி உள்ளே ஒளிந்திருக்கட்டும். மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துத் தருகிறோமே, அது போல.

உதாரணத்துக்கு வால் பறிக்கும் ஆட்டம். ஒவ்வொரு பிள்ளையின் இடுப்பிலும் பின்பக்கம் ஒரு துணித்துண்டைச் செருகி விடுங்கள். தன் வாலைக் காப்பாற்றிக்கொண்டு மற்றவர் வாலைப் பறிக்க வேண்டும். கட்டம் சின்னதாக இருக்கட்டும். ஆட்டம் முக்கால் நிமிஷம், ஓய்வு இரண்டு நிமிஷம். பாருங்கள், பனியில் ஆடும் அதே கணக்கு வந்துவிட்டது! இடுப்பைத் தாழ்த்துவதும், சட்டென்று திரும்புவதும், தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்ப்பதும் தானாக வந்துவிடுகிறது. “முழங்காலை மடக்கு, முழங்காலை மடக்கு” என்று தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை.

உள்தொடைக்குப் பலம் வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு ஒரு பந்தயம். ஒரு பந்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கை படாமல் எல்லைக்கோடு வரை போக வேண்டும். பந்து நழுவினால் நின்ற இடத்திலேயே மறுபடி இடுக்கிக்கொண்டு தொடரலாம். வாத்து போல் நடக்கும் அப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பிருக்கே, அதற்கே பத்துத் தடவை நடக்கலாம். ஆமாம், அப்பாவும் நடக்க வேண்டும், அம்மாவும் நடக்க வேண்டும். ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை போடுவதற்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.

கண்ணாடி ஆட்டமும் நல்லது. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் பக்கவாட்டில் தாவித் தாவிப் போக, மற்றவர் கண்ணாடியில் தெரியும் உருவம் போல அப்படியே செய்ய வேண்டும். இருபது விநாடி கழித்து முறை மாறும். எதிராளி மார்பைப் பார்த்து அவன் போகும் திசையைக் கண்டுபிடிக்கிற வித்தை இதில் படிகிறது. ஹாக்கியில் தடுப்பவருக்கு இதுதான் சோறு.

சீட்டுக்கட்டு என்றதும் முகம் சுளிக்காதீங்க. காசு வைத்து ஆடச் சொல்லவில்லை. கட்டைக் கவிழ்த்து வைத்துப் பிள்ளையை ஒவ்வொரு சீட்டாக எடுக்கச் சொல்லுங்கள். இஸ்பேட் வந்தால் பக்கவாட்டுத் தாவல், ஆர்ட்டின் வந்தால் உட்கார்ந்து எழுவது, டைமன் வந்தால் ஒற்றைக் காலில் நிற்பது, கிளாவர் வந்தால் தண்டால். சீட்டிலே உள்ள எண் எத்தனையோ அத்தனை. படம் போட்ட சீட்டு வந்தால் பிள்ளை கை காட்டும் பெரியவர் செய்ய வேண்டும்! அடுத்து என்ன வருமோ என்ற ஆவலில் அரை மணி போவது தெரியாது.

பெரிய ஆட்டக்காரர்களும் இப்படித்தான். அமெரிக்க, கனடிய தொழில்முறை அணியினர் போட்டிக்கு முன் அரங்கத்தின் நடைவழியில் வட்டமாக நின்று, கால்பந்தைக் கீழே விடாமல் தட்டி ஆடுவது வாடிக்கை. விட்டவர் வெளியே. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள் சிறுபிள்ளைகள் போல் கத்திக்கொண்டு ஆடுவார்கள். உடம்பும் சூடாகிறது, மனசும் இலேசாகிறது.

துணி உலர்த்தும் இயந்திரம் பட்ட பாடு

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கோல் ஹார்பர் என்ற ஊர். சிட்னி கிராஸ்பி என்ற பையன் வீட்டின் கீழ்த்தளத்தில் பக்கை அடித்துப் பழகுவான். எதிரே துணி உலர்த்தும் இயந்திரம். குறி தப்பிய அடியெல்லாம் அதன் மேல்தான். நசுங்கிப் போய் ரப்பர் தழும்போடு நின்ற அந்த இயந்திரம் பிற்பாடு அந்த மாகாணத்தின் விளையாட்டு அருங்காட்சியகத்துக்கே போய்விட்டது. பையன் 2010 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்தான். வீட்டுச் சாமானை உடைக்கச் சொல்லவில்லை. பிள்ளை தானாக மட்டையை எடுத்துத் தட்டும்போது “சத்தம் போடாதே, போய்ப் படி” என்று விரட்டாமல், அதற்கென ஒரு மூலையை ஒதுக்கித் தர முடியுமா என்று கணவனும் மனைவியும் பேசிப் பாருங்கள். வழவழப்பான ஒரு பலகை, ஒரு பழைய டென்னிஸ் பந்து, நான்கு காலி டப்பா போதும். டப்பாக்களின் நடுவே பந்தைக் கீழே பார்க்காமல் நகர்த்தட்டும். அம்மா விரல்களைக் காட்டி “எத்தனை?” என்று கேட்க, பையன் நிமிர்ந்து சொல்லிக்கொண்டே நகர்த்துவது இன்னும் நல்லது.

வெய்ன் கிரெட்ஸ்கி என்ற மகா ஆட்டக்காரரின் தகப்பனார் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். பிராண்ட்போர்டு என்ற ஊரில் வீட்டுக் கொல்லையிலேயே குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றிப் பனித்தளம் அமைத்துக் கொடுத்தார். கோடை வந்தால் பையன் பேஸ்பாலும் லக்ராஸும் ஆடினான். தொழில்முறை ஆட்டத்தில் பின்னாளில் அவர் அடித்த 894 கோலை 2025 வரை யாரும் தாண்டவில்லை. கோடையில் வேறு ஆட்டம் ஆடியது அவர் ஹாக்கியைக் கெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே ஆட்டத்தை வருஷம் பூராவும் ஆடினால் ஒரே தசை, ஒரே மூட்டு தேய்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தார் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், ஓர் ஆட்டத்திலிருந்து வருஷத்தில் மொத்தமாக இரண்டு மூன்று மாத ஓய்வும் பிள்ளைகளுக்குத் தேவை என்கிறார்கள்.

எவ்வளவு, எப்போது?

அளவுக்கு எளிதான ஒரு கணக்கு: பிள்ளையின் வயசு எத்தனையோ, ஒரு வாரத்தில் ஒழுங்குமுறைப் பயிற்சி அத்தனை மணியைத் தாண்டக் கூடாது. பத்து வயசானால் பத்து மணி. தானாகத் தெருவில் ஆடும் ஆட்டம் இந்தக் கணக்கில் சேராது. அது எவ்வளவு இருந்தாலும் நல்லது. சின்னப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அரை மணி, முக்கால் மணி போதும். “இன்னும் கொஞ்சம்ப்பா” என்று கெஞ்சும்போதே நிறுத்திவிடுவது என் கட்சி. நாளைக்கு அவனே கூப்பிடுவான்.

பளு தூக்கினால் பிள்ளை குட்டையாகிவிடும் என்ற பயம் எங்கும் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. சரியான முறையில், மேற்பார்வையோடு, உடம்பின் எடையாலும் சிறு எடையாலும் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது. ஆனால் யார் அதிகம் தூக்குவது என்று போட்டி வைப்பது வேண்டாம். தப்பான நிலையில் தூக்கினால் முதுகு போய்விடும்.

பெண் பிள்ளைகளுக்கு இவற்றில் எதையும் குறைக்க வேண்டியதில்லை. மாதவிலக்கு நாட்களிலும் உடம்புக்கு முடிந்தால் ஆடலாம். வலியோ அசதியோ இருந்தால் அன்று ஓய்வு. கடும்பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிலக்கு தொடர்ந்து நின்றுபோனால் “ஆடுறதாலதான், போகட்டும்” என்று விடாதீங்க. சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், எலும்பு பலமிழக்கும். டாக்டரிடம் காட்டுங்கள்.

தூக்கத்தை யாரும் பயிற்சியாக நினைப்பதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணிக்குக் குறையாமலும், அதற்கு மேற்பட்ட வயதில் எட்டு மணிக்குக் குறையாமலும் தூங்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி ஓட விட்டுவிட்டு, ராத்திரி பதினொரு மணி வரை பாடம் படிக்கச் சொன்னால் உடம்பு எப்போது தேறும்?

வலியைக் கவனியுங்கள். புதுப் பயிற்சியால் இரண்டு பக்கமும் சமமாக வரும் தசைவலி இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். ஒரே இடத்தில் குத்தும் வலி, நொண்டல், மூட்டு வீக்கம், ராத்திரியில் எழுப்பும் வலி, தொடை இடுக்கில் நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றைத் தைலம் தேய்த்து மறைக்க வேண்டாம். நடிக்கிறான் என்று திட்டவும் வேண்டாம். தலையில் அடிபட்டுப் பிள்ளைக்கு மயக்கம், வாந்தி, குழப்பம், பார்வை மங்கல் எது கண்டாலும் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. தரைப் பயிற்சியானாலும் அப்படியே. உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். திரும்ப எப்போது ஆடலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். போட்டி நெருங்குகிறதே என்று பயிற்சியாளர் அவசரப்பட்டால், “டாக்டர் சொன்ன பிறகு அனுப்புறோம்” என்று தாய் தகப்பன் இருவரும் ஒரே வாய்ச்சொல்லாகச் சொல்லிவிடுங்கள்.